தட்டினால் விட்டுவிட வேண்டும்

என் அக்கா புருஷனைப் போலப் பயந்த சுபாவம் உள்ள மனிதரை நான் பார்த்ததில்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன், அவரும் மறுத்ததில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கழுத்து எங்கே முடிந்து தோள் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாத உடம்பு. அந்த உடம்பை வைத்துக்கொண்டு, தெருவில் இரண்டு பேர் குரலை உயர்த்திப் பேசினாலே எதிர்ப்பக்கம் மாறிப் போய்விடுவார். "இவ்வளவு பெரிய ஆளு, உங்களுக்கு என்ன மாமா பயம்?" என்று கேட்டால், "ஆளு பெருசுன்னா அடி விழற இடமும் பெருசுதானே குட்டி" என்பார். குட்டி என்பது நான்தான். அதே வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை எனக்கு. அக்கா வீட்டிலேயே இருக்கிறேன், அக்கா வீட்டு வேனிலேயே போகிறேன், எனவே மாமாவிடமிருந்து எனக்கு விடுதலையே கிடையாது.

பயம் அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. வேன் ஓட்ட வருவதற்கு முன்னால் லாரி ஓட்டினார். பெட்ரோல் பங்கில் வரிசையைத் தாண்டி வந்தவனிடம் நியாயம் கேட்கப் போய், அவனும் அவன் ஆட்களும் சேர்ந்து வெளுத்துவிட்டார்கள். அடி ஆறிவிட்டது. கீழே விழுந்த பிறகு எழுந்திருக்கவே விடாமல் மிதித்தார்கள் பாருங்கள், அது ஆறவில்லை. கால்களைத் தவிர வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்பார். அதற்கப்புறம் லாரியும் வேண்டாம், வருமானமும் வேண்டாம் என்று சின்னப் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார். பிள்ளைகள் அடிக்க மாட்டார்கள் இல்லையா.

அந்தப் பயம்தான் அவரைப் பயிற்சிக் கூடத்துக்கும் கூட்டிக்கொண்டு போனது. கட்டில், பீரோ விற்கிற கடைக்கு மேலே ஒரு பெரிய ஹால். தரை முழுக்க மெத்தை விரித்திருப்பார்கள். குத்து, உதை எதுவும் கிடையாது. எதிராளியைக் கட்டிப் பிடித்துத் தரைக்குக் கொண்டுவந்து, அங்கேயே புரண்டு, கையையோ கழுத்தையோ பூட்டுப் போடுகிற தரைச் சண்டை. பிடியில் மாட்டியவன் தாங்க முடியாவிட்டால் இரண்டு தட்டு தட்டுவான், மெத்தையிலோ பிடித்திருப்பவன் உடம்பிலோ. தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். அந்த ஹாலில் மீறக்கூடாத சட்டம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

மாமா அங்கே போக ஆரம்பித்த பிறகு ஆளே மாறிப்போனார். "கீழ விழுந்தா கதை முடிஞ்சதுன்னு நினைச்சிருந்தேன் குட்டி. கீழயும் வழி இருக்கு" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். வீட்டுக் கூடத்து விரிப்பில் மல்லாந்து படுத்து, தலையணையைக் காலால் இடுக்கிக்கொண்டு எங்களுக்குச் செய்து காட்டுவார். என் அக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறவள். யார் கையையும் ஈவிரக்கமில்லாமல் பிடிப்பாள். அவளே, "ஏங்க, அந்தத் தலையணை உங்களை என்னங்க பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டாள்.

ஆனால் ஒன்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. அங்கே சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வாராம்: ரோட்டில் போய்ப் படுக்காதீர்கள், இங்கே மெத்தை, அங்கே கல், இங்கே எதிராளி ஒருவன், அங்கே எத்தனை பேர் என்று தெரியாது, தவறி விழுந்தால் எழுந்து ஓடுவதற்குத்தான் இதைக் கற்றுக்கொள்கிறீர்கள். மாமா இதைச் சாப்பிடும்போது ஒப்பித்தார்.

"அவரே படுக்காதேன்னு சொல்றாரு. அப்புறம் எதுக்கு மாமா வாரத்துல பாதி நாளு போய்ப் படுத்துட்டு வர்றீங்க?" என்றேன்.

"நிக்கும்போது அவன் கை எங்கேருந்து வரும்னு தெரியாது குட்டி. எனக்கு அதான் பயம். கட்டிப் பிடிச்சுக் கீழ கொண்டுபோயிட்டா அவன் எங்க இருக்கான்னு தெரியும்."

"கூட இன்னொருத்தன் வந்தா?"

"சண்டைக்கெல்லாம் ஆளு சேர்த்துக்கிட்டா வருவாங்க?" என்று சிரித்தார். பெட்ரோல் பங்கில் அப்படித்தான் வந்தார்கள் என்பதை அவருக்கு நினைவுபடுத்த எனக்கு வாய் வரவில்லை. மனிதர் பல வருஷம் கழித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாயந்திரச் சுற்றில் எங்களுக்கு ஒரு முட்டுச்சந்து உண்டு. உள்ளே போனால் வேனைத் திருப்ப முடியாது, ரிவர்ஸிலேயே வெளியே வர வேண்டும். அங்கே ஒரு வீட்டுப் பெண் குழந்தை, பள்ளிக்கூட வாசலில் ஏறினால் சந்து வரும்வரை தூங்கும். தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிடுவோம். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு போய் அவள் அம்மா கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். அதற்குள் பின்னால் யாராவது வந்தால் காத்திருந்துதான் ஆக வேண்டும். வழக்கமாகக் காத்திருப்பார்கள்.

அன்றைக்கு வந்த கார்க்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. குழந்தையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், அவன் மாமாவின் பக்கத்துக் கதவைத் திறந்து அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தான். தடித்த ஆள், முகமெல்லாம் சிவந்திருந்தது. "பிள்ளைங்க இருக்காங்க சார், இதோ எடுத்துடறேன் சார்" என்று மாமா கெஞ்சுவது கேட்டது. அவன் ஓங்கி ஓர் அறை விட்டான். மாமாவின் முகத்தைப் பார்த்தேன். கோபம் என்று அதில் எதுவுமே இல்லை, பேயறைந்தது போல இருந்தது. அடுத்து அவர் அவனைக் கட்டிப் பிடித்தார். இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள், மாமா கீழே, அவன் மேலே.

அவன்தான் தள்ளிவிட்டான் என்று நினைத்தேன். இல்லையாம். மாமா தானாகத்தான் சாய்ந்தாராம். வேன் கதவு திறந்தே கிடந்தது, ஏறி உட்கார்ந்து பூட்டியிருக்கலாம். சந்துக்குள் ஓடி யார் வீட்டுக்குள்ளாவது நுழைந்திருக்கலாம். அவர் உடம்புக்கு அதெல்லாம் தோன்றவில்லை. பயம் வந்தால் படு என்று பழக்கிவிட்ட உடம்பு, சாலையில் மல்லாந்து படுத்துவிட்டது.

பிடி என்னவோ பிரமாதம்தான். அவன் தலையைக் கக்கத்துக்குள் வாங்கி, முழங்கையைக் கழுத்துக்குக் குறுக்கே கொடுத்து, இரண்டு காலாலும் அவன் இடுப்பைப் பூட்டிவிட்டார். அவன் அசைய முடியவில்லை. ஒரு நொடி எனக்கு, அட நம்ம மாமாவா இது என்று பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது காரின் இன்னொரு கதவு திறந்தது.

அதிலிருந்து இறங்கியவன் ஓடி வரவில்லை. கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டான், பையின் பொத்தானை மாட்டினான், நடந்து வந்தான். அவனுக்கு அவசரமே இல்லை. நேராக வந்து மாமாவின் விலாவில் உதைத்தான். மாமாவுக்கு உதை எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. அவர் முகத்தின் மேல் அந்தத் தடியன் கவிழ்ந்து கிடந்தான். "மாமா, இன்னொருத்தன் மாமா, எழுந்திரிங்க" என்று கத்தினேன். எப்படி எழுந்திருப்பார்? அவனைக் கட்டியிருந்த கால்களே அவரையும் சேர்த்துக் கட்டியிருந்தன.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமாவிடம் ஓடலாம் என்றால், வேனின் பக்கக் கதவில் பிள்ளைகள் வந்து குவிந்துவிட்டார்கள். ஒருத்தி ஒரு காலைக் கீழே தொங்கவிட்டிருந்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மாமாவை இழுக்கும்போது வேன் கொஞ்சம் பின்னால் நகர்ந்ததை நான் பார்த்திருந்தேன். முன்சக்கரத்துக்குப் பின்னாலேயே தரையில் மாமா. பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, முன்பக்கம் ஓடினேன்.

ஓடும்போதுதான் பார்த்தேன். தடியனின் கை தரையில் துழாவிக்கொண்டிருந்தது. மூச்சு முட்டி, பிடிப்பதற்கு எதுவும் கிடைக்காமல், சாலையில் இரண்டு தரம் அடித்தது. பட், பட்.

மாமாவின் கை திறந்துகொண்டது. கழுத்தையும் விட்டார், காலையும் விட்டார். ஹாலில் எத்தனையோ பேரை விட்டதுபோலவே, மரியாதையாக விட்டார்.

அவன் புரண்டு எழுந்து மூச்சு வாங்கினான். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து மிதித்தார்கள். மாமா முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சுருண்டு படுத்திருந்தார். நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கைப் பிரேக்கை இழுத்தேன், ஹாரன் மேல் உடம்பையே சாய்த்துவிட்டேன். இன்ஜின் சத்தம், ஹாரன் சத்தம், பின்னால் பிள்ளைகள் அழுகிற சத்தம். சந்தில் கதவுகள் திறந்தன. தூங்குமூஞ்சியின் அம்மா துடைப்பத்தோடு வந்தாள், மாடியிலிருந்து யார் யாரோ இறங்கி வந்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். நான் ஹாரனை விட்டு எழுந்திருக்கவில்லை. யாரோ வந்து என் தோளைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

விலா எலும்பில் விரிசல், புருவத்தில் தையல். மருத்துவமனைக் கட்டிலில் மாமா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். எனக்குப் பயம் போய்க் கோபம் வந்திருந்தது.

"பிடிச்சவனை ஏன் மாமா விட்டீங்க?"

"தட்டினான்."

"அவன் எங்க தட்டினான்? மூச்சு முட்டிக் கையை உதறினான்."

"தட்டினான் குட்டி. தட்டினா விடணும்" என்றார், ஏதோ எனக்குத்தான் விஷயம் தெரியவில்லை என்பதுபோல. அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். "இந்த ஆளை வச்சுக்கிட்டு நான் என்னடி பண்ணுவேன்" என்று கேட்டாள்.

போலீஸில் புகார் கொடுத்தோம், பார்க்கிறோம் என்றார்கள். விலா தேறும்வரை வேறொருவர் வேனை ஓட்டினார். முதல் வாரத்திலேயே நான் அந்தக் காரைப் பார்த்துவிட்டேன். அதே சந்தில், தூங்குமூஞ்சி வீட்டைத் தாண்டி இரண்டு வீடு உள்ளே, ஒரு பச்சைக் கேட்டுக்கு முன்னால் நின்றது. அந்தத் தடியன் அங்கேதான் புதிதாகக் குடிவந்திருக்கிறானாம், போலீஸில் அதைச் சொன்னதற்கும் பார்க்கிறோம் என்றார்கள். மாமா மறுபடி வண்டி எடுத்த பிறகு ஒவ்வொரு சாயந்திரமும் அந்தக் காருக்கு எதிரிலேயே போய் நிற்க வேண்டியிருந்தது. சந்து வருவதற்கு இரண்டு தெரு முன்னாலேயே வேனில் பேச்சு நின்றுவிடும். பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்களாகவே வாயை மூடிக்கொள்வார்கள். ஒருநாள் ஒரு வாண்டு மட்டும், "அங்கிள், இன்னைக்கும் சண்டை போடுவீங்களா?" என்று கேட்டது. மாமா கண்ணாடி வழியாக அதைப் பார்த்தார், கியரை மாற்றினார்.

குழந்தையைக் கொடுத்துவிட்டு வருகிற அந்தக் கொஞ்ச தூரம் எனக்கு உயிர் போய் உயிர் வரும். பச்சைக் கேட்டு திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்பேன். எங்களுக்காகத்தான் காத்திருக்கிறான், நாள் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

மாமா மட்டும் அமைதியாக இருந்தார். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் பயந்தால் ஜோக் அடிப்பார், வியர்ப்பார், தண்ணீர் குடிப்பார். இப்போது எதுவும் இல்லை. சாப்பிடும்போது திடீரென்று, "விட்டிருக்கக் கூடாது" என்பார். கியர் மாற்றும்போது சொல்வார். "இன்னும் கொஞ்சம் பிடிச்சிருந்தா மயங்கியிருப்பான். அவனைத் தள்ளிட்டு அடுத்தவனைப் பார்த்திருக்கலாம்." அக்கா, "போதும் விடுங்க" என்பாள். "விட்டதுதானே தப்பு" என்பார்.

வகுப்புக்கு மறுபடி போகத் தொடங்கியபோது அக்கா என்னையும் கூட அனுப்பினாள். "சும்மா போய் உட்கார்ந்து பாரு. என்னமோ எனக்குச் சரியாப் படலை" என்றாள். போய்ச் சுவரோரம் உட்கார்ந்தேன். மாமாவோடு அன்று ஜோடி சேர்ந்தவர் கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவர். ஒல்லியான மனுஷன். மெத்தையில் இறங்குமுன் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, பெட்டியைச் செருப்புக்குள் வைத்து, அந்தச் செருப்பையும் ஓரமாகத் தள்ளி வைக்கிற ஜாக்கிரதைக்காரர். "விலா எப்படி இருக்கு சார்? மெதுவாவே பண்ணலாம்" என்றார்.

மெதுவாகத்தான் ஆரம்பித்தார்கள். புரண்டார்கள், மாமா கீழே போனார். அதே பிடி. அவர் தலை மாமாவின் கக்கத்துக்குள் போயிற்று, கால்கள் இடுப்பைச் சுற்றிப் பூட்டின. கடிகாரக்காரர் மெத்தையில் இரண்டு தட்டு தட்டினார்.

மாமா விடவில்லை.

மறுபடி தட்டினார். மாமாவின் தொடையில் தட்டினார், தோளில் தட்டினார். பிறகு அது தட்டலாக இல்லை, அடியாக இருந்தது. மாமாவின் கண்கள் திறந்தே இருந்தன, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. மாஸ்டர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேறு யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். "மாமா, தட்டறாரு மாமா" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. மாஸ்டர் ஓடி வந்து மாமாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

கடிகாரக்காரர் மல்லாந்து கிடந்து மூச்சை இழுத்தார். எழுந்து உட்கார்ந்ததும், குரலே இல்லாமல், "பரவாயில்லைங்க" என்றார். செருப்புக்குள்ளிருந்து பெட்டியை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மாமாவைப் பார்க்காமல் சுவரோரம் போய் உட்கார்ந்தார். மாமா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டவில்லை. "கொஞ்ச நாள் வீட்ல இருங்க. யாரையும் நம்பி உங்க கையில குடுக்க எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மாமா முன்னால் போனார், நான் பின்னால் வந்தேன். எப்போதும் பக்கத்தில்தான் நடப்பேன். இத்தனை நாளும் இந்த மனிதருக்காகப் பயந்திருக்கிறேன். அன்றைக்கு அவரைப் பார்த்தே பயந்தேன். அந்தக் கைகள்தான் நாளைக்கும் பிள்ளைகளுக்காகக் கதவு திறக்கப் போகின்றன என்று நினைத்துப் பார்த்தேன், நினைக்கவே பிடிக்கவில்லை. அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் தட்டுகளைக் கழுவினாள், கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

மறுநாள் சாயந்திரம் சந்துக்குள் திரும்பினோம். கார் அங்கேயே நின்றது. பக்கத்தில் போகும்போதுதான் கவனித்தேன், கண்ணாடியெல்லாம் புழுதி அப்பிக் கிடந்தது. அதை யாரும் எடுத்து ரொம்ப நாளாகியிருந்தது. அப்போது பச்சைக் கேட்டு திறந்தது.

தடியன் வெளியே வந்தான். மாமா வேனை நிறுத்தினார். அவர் கை கதவுப் பிடிக்குப் போனது. நான் பின்னாலிருந்து அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "மாமா, வேணாம்" என்றேன். யாரைக் காப்பாற்றுவதற்காகப் பிடித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவன் கழுத்தைச் சுற்றிப் பட்டை கட்டியிருந்தான், எலும்பு அசையாமல் இருக்கக் கட்டுகிற தடித்த வெள்ளைப் பட்டை. தலையைத் திருப்ப முடியாமல் உடம்பு முழுவதையும் சேர்த்து எங்கள் பக்கம் திரும்பினான். வேனைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட நிற்கவில்லை. பின்பக்கமாகவே நடந்து கேட்டுக்குள் போய், உள்ளிருந்து இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து இழுத்துச் சாத்தினான். சாத்திய பிறகும் கம்பியை விடவில்லை. எங்களுக்காகக் காத்திருக்கிறான் என்று நான் நடுங்கிய இத்தனை நாளும், அவன் அந்தக் கேட்டுக்குப் பின்னால் எங்களை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

மாமாவின் கை கதவுப் பிடியிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

"அன்னைக்கு நான் விட்டேன்ல குட்டி?" என்றார்.

"விட்டீங்க மாமா."

"அவன் தட்டினான்ல? தட்டினதும் விட்டேன்ல? உடனே விட்டேன்ல?"

"உடனே விட்டீங்க. நான் பார்த்தேன்."

அவர் தலையாட்டினார். அந்தப் பெரிய தோள்கள் குலுங்கின. பின்னால் பிள்ளைகள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"அப்போ நேத்து ஏன் விடலை?"

தூங்குமூஞ்சியின் அம்மா வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.